பக்தி கூடியதில் கவலையில்லை, பாட்டியை ஒதுக்கியதில்தான்

"பையன் திருந்திட்டான்னுதான் நினைச்சோம் சார்" என்றார் அந்த அம்மா. விடிகாலையில் எழுகிறான், சிகரெட்டை விட்டுவிட்டான், தியானம் செய்கிறான். பாட்டி கையால் சாப்பிட மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் பயந்துபோய் என்னிடம் அழைத்து வந்தார். பாட்டியின் பாவம் ஒட்டிக்கொள்ளுமாம். அவன் சேர்ந்திருந்த குழுவில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மனநல ஆலோசகராக, இப்படி வருகிற குடும்பங்களிடம் நான் ஜப்பானில் நடந்ததைச் சொல்வேன். நம் ஊர் மதங்களைத் தொட்டால் உடனே கோபம் வந்துவிடும், தூரத்துக் கதையைக் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

1984-ல் ஷோகோ அசஹாரா டோக்கியோவில் தொடங்கியது வெறும் யோகா வகுப்பு. அதுதான் பிறகு ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழு ஆனது. விஞ்ஞானிகளும் டாக்டர்களும்கூட அதில் சேர்ந்தார்கள். வீட்டையும் சொத்தையும் விட்டு வா என்றார்கள். துறவு என்பது பௌத்தத்தில் காலங்காலமாக மதிப்புள்ள சொல். அதனால் பெற்றவர்களை உதறியது தப்பாகவே தெரியவில்லை, உயர்வாகத் தெரிந்தது.

அப்புறம் 'போவா'. சாகும் தறுவாயில் இருப்பவரின் உணர்வை நல்ல கதிக்கு அனுப்பும் பயிற்சிக்குத் திபெத்திய பௌத்தத்தில் இந்தப் பெயர். அசஹாரா அதைத் திருப்பிப்போட்டார். பாவம் சேர்த்துக்கொண்டே போகிறவனைக் கொன்றால் அவனை மேலுலகுக்கு அனுப்புகிறோம், அது கருணை என்றார். அதற்குப் பிறகு 'கொல்' என்ற சொல்லே தேவைப்படவில்லை.

1995 மார்ச் 20 காலை, அந்தக் குழுவினர் டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் நச்சு நிரப்பிய பைகளைக் கூர்தீட்டிய குடைநுனியால் குத்தினார்கள். ஒரு டஜன் பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். குத்திய ஐவரில் ஒருவர் இக்குவோ ஹயாஷி, இதய சிகிச்சை மருத்துவர். உயிரைக் காப்பாற்றப் படித்த கை அது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

அதனால் பிள்ளை எத்தனை தடவை கும்பிடுகிறான் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். குழுவில் சொல்லும் ஒரு சொல்லுக்கு, அதே மதத்தில் வேறொரு பெரியவரிடம் அர்த்தம் கேட்க விடுகிறார்களா என்று அவனிடம் கேளுங்கள். இந்தப் பையனிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வெளியாட்கள்கிட்ட கேக்கக் கூடாது" என்றான்.

வீட்டில் கத்தவும் வேண்டாம். 'உன்னைச் சேர்ந்தவர்களே உன்னை எதிர்ப்பார்கள்' என்று குழுவில் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். நாம் கத்தினால் அவர்கள் வாக்கு பலித்துவிட்டது என்று நினைப்பான். அந்த அம்மாவிடம், சாப்பாட்டுக்காகச் சண்டை போடாதீர்கள், பாட்டி வழக்கம்போல அவனுக்கும் ஒரு தட்டு வைக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.