இணையத்தைத் துண்டித்தால் மட்டும் போதுமா? ஹார்டுவேர் வாலட்டின் உள்ளே

ஹார்டுவேர் வாலட் என்பது கிரிப்டோ நாணயத்தைப் பாதுகாக்க உதவும் கருவி. ஆனால் அதற்குள் நாணயம் எதுவும் இல்லை. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு முழுவதும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் இருக்கிறது. கருவிக்குள் இருப்பது தனிச்சாவி என்கிற ரகசிய எண். பிட்காயினில் அது 256 பிட் நீளம். அது வேறொருவர் கையில் சிக்கினால் பணம் போய்விடும், மீட்டுத்தர வங்கியும் கிடையாது. ஆகவே சாவி வெளியே வரக்கூடாது; அதைக் கொண்டு போட்ட கையொப்பம், அதாவது பணத்தை அனுப்பச் சம்மதம் சொல்லும் கணித முத்திரை மட்டும் வர வேண்டும்.

இணையத் தொடர்பை அறுப்பது சுலபம். வைஃபை, புளூடூத் வைக்காமல் விட்டுவிடலாம். அனுப்ப வேண்டிய பரிவர்த்தனையைக் கணினி க்யூஆர் கோடாகக் காட்டும். கருவி அதைக் கேமராவில் படித்து, கையொப்பமிட்டு, இன்னொரு க்யூஆர் கோடாகத் திருப்பித் தரும்.

சிக்கல் சாவி பிறக்கும்போதே ஆரம்பிக்கிறது. அந்த எண்ணை யாராலும் ஊகிக்க முடியக்கூடாது. 2023-ல் லிப்பிட்காயின் எக்ஸ்புளோரர் என்ற மென்பொருளில் ஒரு குறை வெளிப்பட்டது. அது உருவாக்கிய சாவிகள் பார்வைக்கு நீளமானவை, ஆனால் அவற்றின் விதை, அதாவது அவை உருவாகத் தொடங்கிய எண், வெறும் 32 பிட். அதாவது சுமார் 430 கோடி வாய்ப்புகள்தான். கணினிக்கு இது பெரிய வேலையே இல்லை. பலருடைய பணம் களவுபோனது. அதனால் ஒரே சிப்பை நம்பாமல், மின்சுற்றின் இரைச்சலோடு (ஊகிக்க முடியாத சிறு ஏற்ற இறக்கங்களோடு) பயனர் உருட்டும் பகடையின் எண்களையும் கலப்பது நல்லது. 99 முறை உருட்டினால் பகடை மட்டுமே ஏறக்குறைய 256 பிட் தந்துவிடும்.

சரி, சாவி நல்லபடியாகப் பிறந்துவிட்டது. கையொப்பம்? பிட்காயினில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் சாவியைத் தவிர புதிதாக இன்னொரு ரகசிய எண் வேண்டும். ஒரே எண்ணை இரண்டு முறை பயன்படுத்தினால், அந்த இரண்டு கையொப்பங்களிலிருந்து பள்ளிக்கூட அல்ஜீப்ராவிலேயே சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 3 இப்படித்தான் 2010-ல் மாட்டியது. இதைத் தவிர்க்க, சாவியையும் கையொப்பமிட வேண்டிய செய்தியையும் சேர்த்துக் கணக்கிட்டு இந்த எண்ணைப் பெறும் முறை 2013-ல் பொது ஆவணமாக வெளியானது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதன் மறுபக்கம். கருவியை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை யாராவது மாற்றிவிட்டால், அது இந்த எண்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, கையொப்பத்துக்குள்ளேயே சாவியை ஒளித்து அனுப்ப முடியும். வயர் இல்லை, இணையம் இல்லை, ஆனாலும் கசிவு! எனவே அந்த எண்ணில் கணினியின் பங்கும் சேர்ந்ததா என்று கணினியே சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டும். கருவி இயங்கத் தொடங்கும்போது ஃபர்ம்வேர் தயாரிப்பாளருடையதுதானா என்ற சோதனையும் வேண்டும்.

கருவியே திருடுபோகலாம். மின்னழுத்தத்தை நொடிக்கும் குறைவான நேரம் ஆட்டிவிட்டு, சாதாரண சிப்பைத் தடுமாற வைத்து ரகசியத்தைப் படிக்க முடியும். அதற்குத்தான் வங்கி அட்டைகளில் உள்ளதைப் போன்ற பாதுகாப்புச் சிப்.

அப்புறம் திரை. பலரும் இதை அழகு சார்ந்த விஷயமாக நினைக்கிறார்கள். என் கணிப்பில் பாதுகாப்பின் பாதி இங்கேதான். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனம் சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தை இழந்தது. சாவி எதுவும் திருடப்படவில்லை. கையொப்பமிட்டவர்கள் பார்த்த இணையப் பக்கம் மாற்றப்பட்டிருந்தது. திரையில் தெரிந்தது ஒன்று, அவர்கள் கையொப்பமிட்டது வேறொன்றுக்கு. ஆகவே திரையும் பொத்தானும் கையொப்பமிடும் சிப்பின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பெறுநர் முகவரியும் தொகையும் முழுதாகத் தெரிய வேண்டும். கருவிக்கே புரியாத பரிவர்த்தனை வந்தால், அதற்குக் கையொப்பமிட மறுப்பதே சரியான வடிவமைப்பு.