காசநோய் சிகிச்சை பாதியில் நிற்பது ஏன்? மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை யாருக்கு, எப்போது?

இந்தியாவில் வழக்கமான காசநோய் சிகிச்சைக்கு ஆறு மாதம் ஆகும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் ஒரே கூட்டு மாத்திரையாகத் தரப்படுகின்றன. எடைக்கேற்ப மாத்திரைகளின் எண்ணிக்கை மாறும். 50 முதல் 64 கிலோ வரை எடையுள்ளவர் தினமும் நான்கு மாத்திரைகள் விழுங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இவை முற்றிலும் இலவசம். அப்படியிருந்தும் பலர் பாதியில் நிறுத்திவிடுவதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது.

சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணிந்துவிடுகின்றன. நோய் போய்விட்டது என்று உடம்பு சொல்கிறது. இன்னும் பல மாதம் பாக்கி இருக்கிறது என்று மாத்திரை அட்டை சொல்கிறது. காலையில் மாத்திரை போட்டதும் குமட்டுகிறது, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. இது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்தான் என்று முதல் நாளே யாரும் சொல்லியிராவிட்டால், ரத்தமோ என்று பயந்து மறுநாள் அட்டையைத் தொடாதவர்களும் உண்டு. தினக்கூலிக்காரருக்கு மருந்து வாங்கப் போகும் நேரம் வேலை நேரமாகவும் இருக்கிறது. அக்கம்பக்கத்தாருக்குத் தெரியக்கூடாது என்று அட்டையை ஒளித்து வைப்பவருக்கு, வேளை தவறாமல் அதை வெளியே எடுப்பதே பெரும்பாடு. இவற்றுக்கெல்லாம் மேலாக, அரை வயிற்றோடு இருப்பவருக்கு இந்த மருந்தைத் தாங்குவது கடினம்.

இந்தக் கடைசிக் காரணத்தைக் குறிவைத்து 2018 ஏப்ரலில் தொடங்கப்பட்டதே நிக்‌ஷய் போஷண் யோஜனா என்னும் ஊட்டச்சத்து உதவித்தொகைத் திட்டம். மாதம் 500 ரூபாயாக இருந்த தொகை 2024 நவம்பர் 1 முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆறு மாதச் சிகிச்சை பெறுபவருக்கு, நோய் உறுதியாகிப் பதிவானதும் 3,000 ரூபாயும், 84 நாள் சிகிச்சை முடிந்த பின் இன்னொரு 3,000 ரூபாயும் நேரடியாக வங்கிக் கணக்கில் சேரும். உடம்பு தேறி, மாத்திரை தேவையில்லை என்று தோன்றத் தொடங்கும் கட்டத்தில்தான் இரண்டாம் தவணை வருகிறது என்பதால், இந்தப் பிரிப்பு பொருத்தமானதென்றே எனக்குப் படுகிறது.

தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவருக்கும் இத்தொகை உண்டு. ஆனால் நிக்‌ஷய் இணையப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். காசநோயாளி பற்றிய தகவலை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். ஆகவே நிக்‌ஷய் எண்ணை அவரிடம் தயங்காமல் கேட்டு வாங்கலாம். பணம் வராமல் போனால், கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா, நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடக்கிறதா என்பதை முதலில் வங்கியில் பார்க்க வேண்டும்.

வேலைக்காக வெளியூர் செல்பவர்கள் கிளம்பும் முன்பே தங்கள் சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டால், அதே எண்ணைக் கொண்டு பதிவு புதிய ஊருக்கு மாற்றப்படும். மருந்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சொல்லாமல் போவதுதான் பலருடைய சிகிச்சை அறுபடும் இடம். தொடர்ந்து ஒரு மாதமோ அதற்கு மேலோ மருந்து நின்றிருந்தால், மீதியிருக்கும் மாத்திரைகளைத் தாமாகவே தொடங்காமல் மருத்துவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும். மருந்துக்குக் கிருமி இன்னும் கட்டுப்படுகிறதா என்று மறுபடி சளிப் பரிசோதனை தேவைப்படும். கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்ற சந்தேகங்களுக்கு 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.