கிணற்றின் அடிவரை இறங்கும் வெயில்

சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள், ஏப்ரல் 15 அளவில், மத்தியானம் 12.10க்கு எங்கள் வளவுக் கிணற்றை எட்டிப் பார்த்தால் வெயில் நேரே அடித் தண்ணீர்வரை இறங்கி நிற்கும். உட்சுவரில் ஒரு பக்கம்கூட நிழல் இருக்காது. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. வடக்கு நோக்கி நகரும் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும் நாள் அது. பிறகு எங்களையும் கடந்து வடக்கே போய்விடும். வைகாசியிலும் ஆனியிலும் மத்தியானம் முற்றத்தில் நின்று பாருங்கள், நிழல் தெற்குப் பக்கம் விழும். ஓகஸ்ட் கடைசியில் திரும்பி வரும்போது இரண்டாம் தடவை உச்சிக்கு வரும். பல வருடங்களில் அது நல்லூர்த் திருவிழா நாட்களோடு சேர்ந்துகொள்ளும்.

இந்த வெயிலுக்குள்தான் என் அக்காவின் மகள் சைக்கிளில் ரியூசனுக்குப் போய்வருகிறாள். வயது 17. ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினரின் சூட்கேசில் அவளுக்கென்று ஒரு சன்கிறீம் குழாய் இருந்தது. “சின்னம்மா, இதைப் பூசாட்டி தோல் புற்றுநோய் வருமாம். பூசினாலும் புற்றுநோய் வருமாம். எதை நம்புறது?” என்று கேட்டாள். இரண்டுக்கும் அவளுடைய போனில் வீடியோ இருந்தது. திண்ணையில் இருந்த அம்மம்மா, “நாங்கள் வெங்காயத் தோட்டத்தில விடிய இருந்து பொழுதுபடுமட்டும் நிண்டனாங்கள், எங்களுக்கு என்ன வந்தது?” என்றார்.

அம்மம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் தேட வேண்டும். அதற்குள்தான் மற்ற இரண்டுக்குமான பதிலும் இருக்கிறது.

வெயிலில் உடம்பைச் சுடுவது ஒன்று, தோலைக் கெடுப்பது இன்னொன்று. தோலைக் கெடுப்பது புறஊதாக் கதிர். எங்கள் பாடப்புத்தகங்களில் கழியூதாக் கதிர் என்று படித்தது இதைத்தான். அது கண்ணுக்குத் தெரியாது, சூடாகவும் உறைக்காது. ஊர் வெக்கை உச்சத்துக்கு ஏறுவது பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்கு. நிலம் சூடாகி அந்தச் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்க நேரம் எடுக்கிறது. புறஊதாக் கதிரோ சூரியன் உச்சியில் நிற்கும் 12.10 அளவிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். பண்ணைப் பாலத்தில் கடற்காற்று குளிர்மையாக முகத்தில் அடிக்கும்போதும் கதிர் குறைவதில்லை. மெல்லிய முகில் மூடியிருந்தாலும் பெரும்பகுதி கீழே வந்துவிடும்.

இந்தக் கதிரைத் தடுக்க வானத்தில் இருப்பது ஓசோன். மேலே பரந்து கிடக்கும் அவ்வளவு ஓசோனையும் கடல்மட்ட அழுத்தத்தில் நிலத்தில் விரித்தால் எங்கள் பகுதியில் 3 மில்லிமீற்றர் தடிப்பும் வராது. வெப்பவலயத்துக்கு மேலே ஓசோன் இயல்பாகவே மெல்லியது. சூரியன் உச்சியில் நிற்கும்போது கதிர் அந்தப் படையைச் சரிவாக அல்லாமல் நேராக, ஆகக் குறுகிய வழியில் கடந்து வருகிறது. புறஊதாச் சுட்டி என்று ஓர் அளவு உண்டு. 3க்கு மேல் போனால் பாதுகாப்புத் தேவை, 11க்கு மேல் போனால் மிகக் கடுமை. முகிலில்லாத சித்திரை மத்தியானத்தில் எங்கள் ஊரில் அது 11ஐத் தாண்டுவது சாதாரணம்.

நிலத்துக்கு வரும் புறஊதாக் கதிரில் இரண்டு வகை. யூவி-பி அளவில் கொஞ்சம்தான், ஆனால் வீரியம் கூட. தோலின் மேற்படைக் கலங்களுக்குள் போய் டிஎன்ஏ இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். கலத்துக்குள் இருக்கும் நொதியங்கள் அந்த ஒட்டை வெட்டி எடுத்துப் புதிய துண்டு வைத்துத் தைக்கும். நாள் முழுக்க இந்தத் தையல் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. எப்போதாவது ஒன்று தவறிப்போய், அதுவும் கலம் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் தவறிப்போய், அப்படிப்பட்ட பிழைகள் வருடக்கணக்கில் சேரும்போதுதான் புற்றுநோய் உண்டாகிறது. மற்றது யூவி-ஏ. நிலத்துக்கு வருவதில் 95 வீதம் அளவு இதுதான். இது தோலில் ஆழமாக இறங்கி, தோலைத் தாங்கிப்பிடிக்கும் கொலாஜன் நார்களைச் சிதைக்கும், நிறத்தைக் கருக்கவைக்கும். பஸ் யன்னல் கண்ணாடி யூவி-பியைப் பெரும்பாலும் மறித்துவிடும், யூவி-ஏயில் நிறையவற்றை உள்ளே விட்டுவிடும்.

இனி, தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின். எனக்கு இந்த விடயத்தில் ஆகவும் பிடித்த பகுதி இது. வெள்ளைத் தோலிலும் கறுப்புத் தோலிலும் மெலனின் செய்யும் கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மெலனின் பொதிகளின் அளவும் தொகையும்தான் வேறு. அந்தப் பொதிகளை வாங்கிக்கொள்ளும் பக்கத்துக் கலம் அவற்றைக் கண்டபடி போட்டுவைப்பதில்லை. தன் கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாக, குடை பிடிப்பதுபோல் அடுக்கி வைக்கிறது. டிஎன்ஏ அந்தக் குடைக்குக் கீழே இருக்கும். 1979இல் அமெரிக்காவில் மேற்தோலை எடுத்து அளந்தபோது கறுப்பினத்தவரின் தோல் யூவி-பிக்கு எதிராக 13 மடங்குக்கு மேல் பாதுகாப்புக் கொடுத்தது, வெள்ளையரின் தோல் 3 மடங்கு அளவு கொடுத்தது. எங்கள் தோல் இந்த இரண்டுக்கும் நடுவில். அம்மம்மா வெங்காயத் தோட்டத்தில் நின்றும் தப்பியதற்கு இதுவும், முழுக்கைச் சட்டையும், தலையில் சுற்றிய துணியும் காரணம்.

சன்கிறீம் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கான ஆகவும் உறுதியான சான்று அவுஸ்திரேலியாவில் கிடைத்தது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை நாளாந்தம் முகம், கழுத்து, கைகளில் பூசவைத்தார்கள். மற்றவர்கள் விரும்பினால் பூசலாம். நாளாந்தம் பூசியவர்களுக்குச் செதிட்கலப் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோய் வகை 40 வீதம் அளவு குறைந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, ஆபத்துக் கூடிய மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நாளாந்தம் பூசியவர்களில் 11 பேருக்கு, மற்றவர்களில் 22 பேருக்கு வந்திருந்தது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் பாதி பாதிதான்.

இந்த முடிவை அப்படியே தூக்கி யாழ்ப்பாணத்தில் வைக்கக்கூடாது. அந்த ஊரவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தவர்கள், மெலனின் குடை மெல்லியவர்கள். எங்களுக்குத் தோல் புற்றுநோய் மிக மிகக் குறைவு. வரும் மெலனோமாவும் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில் வருகிறது. 1981இல் பொப் மார்லி இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால். அதற்குச் சன்கிறீம் எதுவும் செய்திருக்காது. உள்ளங்காலில் புதிதாக ஒரு கரும்புள்ளி வந்து பெரிதாகிக்கொண்டு போனால் வைத்தியரிடம் காட்டுவதுதான் அங்கே பாதுகாப்பு.

அப்படியென்றால் குழாயைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. முகப்பருவுக்காகத் தோல் வைத்தியர் அவளுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை எழுதிக்கொடுத்திருந்தார். அந்த மருந்து தோலில் இருக்கும்போது யூவி-ஏ பட்டால் சாதாரண வெயிலே எரித்துச் சிவக்கவைத்துவிடும். அதோடு, பரு ஆறிய இடத்தில் விழும் கருந்தழும்பு எங்கள் நிறத்தவர்களுக்கு வெயிலால் இன்னும் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். கன்னத்தில் படரும் மங்கும் அப்படித்தான். லூபஸ் நோய் உள்ளவர்கள், வெண்புள்ளி உள்ளவர்கள் என்று இன்னும் சிலருக்கும் இது தேவை. மெலனினே இல்லாமல் பிறந்த பிள்ளைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் வெயிலில் அவர்களுக்குத் தோல் புற்றுநோய் இளவயதிலேயே வரலாம். அவர்களுக்குச் சன்கிறீம் மருந்து மாதிரி, அது வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, அது எப்படி வேலை செய்கிறது? கிறீமில் இருக்கும் மூலக்கூறுகள் புறஊதாக் கதிரை விழுங்கி, அந்தச் சக்தியைச் சிறு சூடாக வெளிவிடுகின்றன. சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டைஒக்சைட் போன்ற கனிமப் பொடிகள் கண்ணாடி மாதிரிக் கதிரைத் திருப்பி அடிக்கின்றன என்று பலரும் எழுதுகிறார்கள். அவையும் பெரும்பாலும் விழுங்கத்தான் செய்கின்றன, திருப்பி அடிப்பது சிறு பங்குதான். குழாயில் எழுதியிருக்கும் பாதுகாப்பு எண்ணான எஸ்பிஎஃப் 30 என்றால் தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் 97 வீதத்தை மறிக்கும், 50 என்றால் 98 வீதம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய வித்தியாசம் பூசும் அளவில்தான். சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசி அளக்கிறார்கள். வீட்டில் நாங்கள் பூசுவது அதில் பாதியோ காலோதான். முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும். வெயிலில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். நாளுக்கு இரண்டு தரம் இப்படிப் பூசினால் 50 கிராம் குழாய் மூன்று கிழமைக்குத்தான் வரும். ஒரு குழாயை ஆறு மாதம் வைத்துப் பூசுகிறவர்களுக்கு முகத்தில் வாசம்தான் மிஞ்சும்.

எஸ்பிஎஃப் யூவி-பிக்கான கணக்கு. யூவி-ஏக்கு, ஜப்பானில் தொடங்கிய ‘பிஏ’ குறியைப் பாருங்கள், பக்கத்தில் கூட்டல் அடையாளம் எத்தனை என்று எண்ணுங்கள். மங்குக்குப் பூசுகிறவர்களுக்கு இன்னொன்று: கண்ணுக்குத் தெரியும் ஒளியே எங்கள் தோலைக் கறுக்கவைக்கும். சாதாரண சன்கிறீம் அதை மறிக்காது. இரும்பு ஒக்சைட் சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கும் கிறீம்தான் உதவும். சாம்பல் பூசினதுபோல் வெள்ளை படியாது என்பதும் ஒரு வசதி.

இப்போது அவளுடைய பயம். 2019இலும் 2020இலும் அமெரிக்க மருந்து நிர்வாகம் செய்த ஆய்வுகளில், சன்கிறீமில் கதிரை விழுங்கும் ஒக்சிபென்சோன், அவோபென்சோன் போன்ற இரசாயனங்கள் தோலூடாக இரத்தத்துக்குள் போவது தெரியவந்தது. ஒரு மில்லிலீற்றரில் 0.5 நானோகிராமைத் தாண்டியது. அந்த எல்லை, மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பதற்கான எல்லை. நஞ்சு தொடங்கும் எல்லை அல்ல. அதிகம் உள்ளே போவது ஒக்சிபென்சோன், விலங்குகளுக்குப் பெருமளவில் கொடுத்தபோது ஓமோன்களைக் குழப்பியதும் அதுதான். ஐரோப்பா அதன் அளவைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. மனிதருக்குச் சன்கிறீமால் புற்றுநோய் வந்ததாகச் சான்று இல்லை. 2021இல் சில ஸ்பிறே வகைகளில் பென்சீன் கலந்திருந்ததால் அமெரிக்காவில் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தார்கள். அது தயாரிப்பில் வந்த அழுக்கு, சன்கிறீமுக்குரிய பொருள் அல்ல. அவளுடைய வீடியோ அந்தச் செய்தியிலிருந்துதான் முளைத்திருக்க வேண்டும். என்றாலும் நானென்றால் ஸ்பிறேயை விட்டுவிடுவேன், மூச்சோடு உள்ளே போகிற ஒன்றைக் காற்றில் அடிக்கத் தேவையில்லை. பயமிருந்தால் சிங்க் ஒக்சைட் உள்ளதை வாங்கலாம், அது இரத்தத்துக்குள் போவது மிகமிகச் சொற்பம்.

விற்றமின் டி பற்றிய கவலை கொஞ்சம் நியாயமானது. அதைத் தோலில் செய்வதும் யூவி-பிதான். நம்பூரில் பூசியவர்களுக்கு அது குறையவில்லை. அண்மையில் அவுஸ்திரேலியாவில் எஸ்பிஎஃப் 50க்கு மேற்பட்டதை நாளாந்தம் பூசவைத்துப் பார்த்தபோது குறைபாடு உள்ளவர்கள் கூடினார்கள். மெலனின் கூடிய தோலுக்கு அதைச் செய்ய அதிக நேர வெயிலும் வேண்டும். அதனால் முகத்துக்குப் பூசினாலும் காலை ஒன்பதரை, பத்து மணி வெயில் கை கால்களில் கொஞ்ச நேரம் படட்டும். சாளை, சூடை மீன்களும் முட்டையும் சாப்பாட்டில் இருக்கட்டும்.

கடலுக்கும் ஒரு பங்கு உண்டு. முருகைக்கற்களைக் காப்பாற்ற பலாவு நாடு 2020இலும் ஹவாய் 2021இலும் ஒக்சிபென்சோன் உள்ள சன்கிறீம்களைத் தடைசெய்தன. முருகைகளைக் கொல்வதில் முதலிடம் கடல் சூடாவதற்குத்தான். என்றாலும் தீவகத்தைச் சுற்றி இருப்பது ஆழம் குறைந்த கடல். கசூரினாக் கடற்கரையில் குளிக்க இறங்கும்போது கிறீமுக்குப் பதில் கைநீளச் சட்டை போடலாமே.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை வேறொன்றில். வெள்ளையாக்கும் கிறீம்களையும் சன்கிறீமையும் ஒரே தட்டில் அடுக்கி, ஒரே பேச்சோடு விற்கிறார்கள். வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. மெலனின் செய்யும் நொதியத்தை அது முடக்குகிறது, தோலூடாகப் போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அழகுப் பொருட்களில் பாதரசம் சேர்க்கவே கூடாது என்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை சொல்கிறது. இன்னும் சிலவற்றில் ஸ்ரெரொயிட் மருந்தைக் கலக்கிறார்கள், தோல் மெலிந்துபோகிறது. கருவுக்கு மேலே பிடித்திருக்கும் குடையைப் பிடுங்கிவிட்டு வெயிலுக்குள் அனுப்புகிற வேலை இது. செய்பவர் பெயர் இல்லாத, உள்ளடக்கம் அச்சிடாத டப்பாவை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். சன்கிறீம் பூசினால் தோல் வெளுக்காது, வெளுக்கவும் தேவையில்லை என்று அவளுக்கு இரண்டு தரம் சொன்னேன்.

கண்ணுக்குக் கிறீம் இல்லை. கதிர் கண் வில்லையில் புரை படியவைக்கும். வெள்ளை விழியில் சதை வளர்வதற்கும் வெயில் ஒரு காரணம், வருடக்கணக்காகக் கடலில் நிற்பவர்களுக்கு அது கூட வரும். குருநகரிலும் பருத்தித்துறையிலும் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அகன்ற விளிம்புப் பனையோலைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எந்தக் குழாயையும்விடப் பெறுமதியானவை. அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது கறுப்புக் குடைகள் 90 வீதமும் அதற்கு மேலும் கதிரை மறித்தன.

எப்போது கவனமாக இருப்பது என்று அறிய ஒரு சுலபமான வழி நிழல். நிழல் உங்கள் உயரத்தைவிடக் கட்டையாக இருந்தால் கதிர் கடுமை. சித்திரையில் யாழ்ப்பாணத்தில் அது காலை 9.10 முதல் பின்னேரம் 3.10 வரை. மார்கழியில்கூட ஏறத்தாழ 10 மணியிலிருந்து 2 மணிவரை அப்படித்தான். நல்லூர்த் தேரன்று காலை ஏழு மணிக்கு மேற்சட்டை இல்லாமல் வடம் பிடிக்கிறவர்களின் நிழல் நீண்டு கிடக்கும், பயமில்லை. அன்று உச்சியில் காவடி எடுக்கிறவர்களுடைய நிழல் காலடிக்குள் சுருண்டிருக்கும்.

அவளுடைய ரியூசன் வகுப்பு 11.30க்கு விடும். வீட்டுக்கு வர இருபது நிமிடம். வகுப்பு முடிய, வெளிக்கிட முன்னம், இரண்டு விரல் அளவு பூசுகிறாள். முழுக்கைச் சட்டை போடுகிறாள். குழாயைச் சைக்கிள் கூடையில் வெயிலில் விடாமல் புத்தகப்பைக்குள் வைக்கிறாள், சூட்டில் கிடந்தால் கிறீம் பிரிந்து பழுதாகிவிடும். குளிசை ஆனியில் முடிகிறது. அதன் பிறகும் பூசுவதா என்பதைக் கன்னத்தில் இருக்கும் தழும்புகளைப் பார்த்து முடிவெடுப்போம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.