ஸ்டீரிங் ஏன் பிசுபிசுக்கிறது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “அண்ணாச்சி, அப்பா ஆசையா வச்சிருந்த காரு, 1990-கள்ல வாங்குனது. இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. ஸ்டீரிங்கைப் பிடிச்சாத்தான் கையில கறுப்பா ஒட்டுது. சோப்புத் தண்ணி போட்டுத் துடைச்சாலும் மறுபடி பிசுக்கு. பெரியம்மா திருஷ்டின்னு சொல்லுதாவ. தின்னர் போடலாமா?”

தின்னர் வேண்டவே வேண்டாம். அதன் காரணம் பின்னால் வருகிறது.

பழைய அம்பாசிடரில் இருந்தது மெல்லிய, கெட்டியான ஸ்டீரிங். கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பின்னால் வந்த பல கார்களில் பாலியூரித்தேன் நுரையால் ஸ்டீரிங்கை வார்த்தார்கள். சிலவற்றில் கெட்டி பிளாஸ்டிக்கின் மேல் ரப்பர் போன்ற ஒரு பூச்சு கொடுத்தார்கள். அந்தப் பூச்சும் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரின் குழுவினர் உருவாக்கிய பொருள் இது.

பாலியூரித்தேனின் மூலக்கூறு ஒரு நீளச் சங்கிலி. அதில் விறைப்பான துண்டுகளும் நெகிழ்வான துண்டுகளும் மாறி மாறி வரும். நெகிழ்வான துண்டுகளைப் பல வகைகளில் எஸ்டர் பிணைப்புகளால் கோத்திருப்பார்கள். எஸ்டர் என்றதும் பிளஸ் டூ ஆய்வகம் நினைவுக்கு வர வேண்டும்: அமிலம், ஆல்கஹால், சில சொட்டு கந்தக அமிலம், சூடு. பழவாசனையோடு எஸ்டர் வரும், கூடவே நீரும் வரும். அந்தச் சமன்பாட்டில் அம்புக்குறி இரு பக்கமும் போகும். நீர் போய்ச் சேர்ந்தால் எஸ்டர் உடைந்து பழையபடி அமிலமும் ஆல்கஹாலும் ஆகிவிடும். இதுதான் நீராற்பகுப்பு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். காற்றிலுள்ள ஈரம் மெதுவாக உள்ளே ஊறி ஓர் எஸ்டர் பிணைப்பை அறுக்கிறது. அறுந்த முனையில் ஓர் அமிலத் தொகுதி பிறக்கிறது. எஸ்டரை உடைக்கும் வேலையை வேகப்படுத்தும் வினையூக்கியே அமிலம்தானே? ஆக, அறுந்த ஒவ்வொரு முனையும் பக்கத்துப் பிணைப்பு அறுவதற்கு உதவுகிறது. அதிலிருந்து இன்னும் அமிலம், இன்னும் வேகம். சிதைவு தன்னைத் தானே ஊக்கிக்கொள்கிறது. பல வருடம் ஒன்றுமே தெரியாமல் இருந்த ஸ்டீரிங், ஒரே மழைக்காலத்தில் பிசினாக மாறுவது இதனால்தான். காலில் போடாமலே பீரோவில் வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம், போட்ட முதல் நாளே உதிர்வதும் இதே வினையால்தான்.

உடைந்தால் ஏன் ஒட்ட வேண்டும்? நீளமான சங்கிலிகள் இடியாப்பம் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் அந்தப் பொருளுக்கு உறுதி. துண்டு துண்டானால் பின்னல் போய்விடும். குட்டைச் சங்கிலிகள் வழுக்கி நகரும், தொட்ட விரலோடு வந்துவிடும்.

நம் நெல்லைச் சீமை இதற்கு வாகான இடம். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் அடைமழை. மற்ற மாதங்களில் வெயில். பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. பாலியூரித்தேனால் ஆன செயற்கைத் தோலின் ஆயுளைச் சோதிக்க 70 டிகிரி செல்சியஸ், 95 சதவீத ஈரப்பதத்தில் வாரக்கணக்கில் வைப்பார்கள். பூட்டி வெயிலில் நிறுத்திய காரில் சூடு ஏறும்போது ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு) இறங்கிவிடும் என்பதால் அவ்வளவு கொடுமை இல்லை. ஆனால் நம் காருக்கு இந்தச் சோதனை வருடக்கணக்கில் நடக்கிறது.

பெரியம்மா பூசணிக்காய் சுற்றட்டும், அதில் நஷ்டம் இல்லை. ஆனால் திருஷ்டி என்று சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். நம் வெயிலிலும் மழையிலும் பிளாஸ்டிக் எப்படி முதுமையடைகிறது என்பதை நம் ஊர்க் கல்லூரிகளே ஆராயலாம். அதற்குப் பத்து, பதினைந்து ஆண்டு தொடர்ந்து நிதி தர வேண்டும். மூன்று ஆண்டில் முடிவு கேட்கும் திட்டத்தில் இது நடக்காது.

சரி, இப்போது என்ன செய்வது? ஒட்டுவது மேல்பூச்சு மட்டும்தானா என்று முதலில் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஓரத்தில் கொஞ்சம் தேயுங்கள். அடியில் கெட்டி பிளாஸ்டிக் தெரிந்தால் நல்ல காலம். பொறுமையாக மொத்தப் பூச்சையும் எடுத்துவிடலாம். தின்னரும் அசிட்டோனும் அந்த பிளாஸ்டிக்கையே கரைத்துவிடக்கூடும். தேங்காய் எண்ணெய் பளபளப்புக் காட்டும், பிசுக்கு கூடும். பவுடர் அன்றைக்கு மட்டும்தான் தாங்கும்.

நுரையே உருகியிருந்தால் மருந்து இல்லை. அறுந்த சங்கிலியை எந்தத் திரவமும் திரும்பக் கோக்காது. அதன் மேல் தோல் உறை தைத்தால் கொஞ்ச நாளில் பிசுக்கு தையல் வழியே கசியும். வேறு ஸ்டீரிங் தேடுங்கள், அல்லது உள்ளிருக்கும் இரும்பு வளையத்தின் மேல் புதிதாக வார்த்துத் தருபவரிடம் கொடுங்கள். ஏர்பேக் உள்ள ஸ்டீரிங் என்றால் நீங்களே கழற்ற வேண்டாம், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு கழற்றுங்கள்.