ஆட்டிசம்: திறனும் சிரமமும் பிறக்கும் இடம்

சிவப்பும் வெள்ளையுமான கனசதுரக் கட்டைகள் சிலவற்றைக் கொடுத்து, அட்டையில் அச்சிட்ட ஒரு வடிவத்தை அவற்றைக் கொண்டு அடுக்கிக் காட்டச் சொல்வது நுண்ணறிவுத் தேர்வுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு சோதனை. கட்டையின் சில பக்கங்கள் முழுச் சிவப்பாகவும், சில முழு வெள்ளையாகவும், சில குறுக்காகப் பாதிப் பாதியாகவும் இருக்கும். பெரும்பாலோரின் கண்ணில் முதலில் படுவது முழு உருவம்; அதை மனத்துக்குள் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் எந்தக் கட்டை எங்கே அமரும் என்பது புலப்படும். 1993இல் உளவியலாளர்கள் அமிதா ஷாவும் உட்டா ஃபிரித்தும் வெளியிட்ட ஆய்வில், அந்த வடிவத்தை முன்கூட்டியே துண்டுகளாகப் பிரித்து, இடைவெளிவிட்டுக் காட்டியபோது மற்றவர்களின் வேகம் வெகுவாகக் கூடியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கோ அந்த உதவியால் பெரிய பயன் இல்லை, ஏனெனில் பிரிக்காத வடிவத்தையே அவர்கள் துண்டுகளாகக் கண்டு விரைவாக அடுக்கியிருந்தார்கள்.

ஃபிரித் இதை முதலில் ஒரு குறையின் விளைவாகவே விளக்கினார். சிதறிக் கிடக்கும் விவரங்களைத் தொகுத்து முழுப்பொருள் காணும் உந்துதல் ஆட்டிசத்தில் வலுக்குறைந்திருக்கிறது என்றார். கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றும் ஆட்டிச ஆய்வாளர் லோரான் மோத்ரோன் இதையே மறுபுறமிருந்து பார்த்தார். முழுமையைக் காணும் ஆற்றல் அவர்களிடம் குறையவில்லை, தேவைப்படும்போது அதையும் அவர்கள் காண்கிறார்கள். கண்ணும் காதும் தரும் நேரடித் தகவலைக் கையாளும் மூளைப் பகுதிகள் கூடுதல் வலுவுடன் இயங்குவதால் விவரம் முந்திக்கொள்கிறது என்பது அவருடைய வாதம். இவ்விருவரில் மோத்ரோன் பக்கமே நியாயம் அதிகம் என்று நான் கருதுகிறேன். ஃபிரித்தும் பிற்காலத்தில் தம் கருத்தைத் திருத்தி, இதைக் குறைபாடு என்பதைவிடத் தகவலைக் கையாளும் ஒரு பாணி என்று சொல்லலாம் என ஏற்றுக்கொண்டார்.

மோத்ரோனின் குழுவில் ஆய்வு செய்த மிஷெல் டாசன் தாமே ஆட்டிசம் உள்ளவர். 2007இல் இக்குழு ஆட்டிசம் உள்ள 38 குழந்தைகளுக்கு இரு வகை நுண்ணறிவுத் தேர்வுகளை வைத்தது. கேள்வியைக் காதால் கேட்டு வாயால் விடை சொல்ல வேண்டிய பகுதிகள் நிறைந்த வெக்ஸ்லர் தேர்வில், அவர்களின் சராசரி நிலை 100 பேரில் 26 பேரை மிஞ்சும் அளவில் இருந்தது. சொற்களுக்கு அநேகமாக இடமே இல்லாத, விடுபட்ட கட்டத்தில் பொருந்தும் வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ரேவன் தேர்விலோ அதே குழந்தைகள் 56 பேரை மிஞ்சினார்கள். பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் இந்த இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை என்றாலும், எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதே ஒரு குழந்தையின் அறிவைக் கூட்டியோ குறைத்தோ காட்டக்கூடும் என்பதை இது உணர்த்தியது. தமிழில் ஆட்டிசத்துக்கு வழங்கும் ‘மதியிறுக்கம்’ என்ற சொல் எனக்கு உறுத்துவது இதனால்தான். மதி இறுகிப்போயிருப்பதாக அது சொல்கிறது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை.

காதின் கதையும் இதுவே. லண்டனில் ஆனா ரெமிங்டன் நடத்தி 2017இல் வெளியான ஓர் ஆய்வில், விருந்துக்கு ஏற்பாடு செய்யும் ஆண்களும் பெண்களும் பேசிக்கொள்ளும் ஒலிப்பதிவு ஒன்று ஒலிக்கவிடப்பட்டது. பெண்களின் பேச்சை மட்டும் கவனிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இடையே ஒரு மனிதர் ‘நான் ஒரு கொரில்லா’ என்று திரும்பத் திரும்பச் சொல்லியபடி அந்த ஒலிக்காட்சிக்குள் நடந்து செல்கிறார். ஆட்டிசம் இல்லாதவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவரே அதைக் கவனித்தார். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கவனித்துவிட்டார்கள். இது கவனச் சிதறலன்று என்பது ரெமிங்டனின் விளக்கம். ஒரே நேரத்தில் உள்வாங்கும் கொள்ளளவு அவர்களுக்குப் பெரிது. கொடுத்த வேலை அதை நிரப்பாதபோது, எஞ்சிய இடத்தில் சுற்றியுள்ள ஒலிகளெல்லாம் தாமாக வந்து அமர்ந்துகொள்கின்றன.

இனி ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். மின்விசிறியின் கரகரப்பு, பக்கத்து வகுப்பின் ஒப்பித்தல், பின்வரிசையில் நோட்டுப் புரளும் ஓசை ஆகியவற்றை மற்றக் குழந்தைகளின் மூளை சில நிமிடங்களில் பழகி ஒதுக்கிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு அந்தப் பழகல் மெதுவாகவே நிகழ்கிறது. ஆசிரியரின் குரலும் விசிறியின் குரலும் ஒரே உரிமையோடு உள்ளே நுழைகின்றன. இசையில் நுண்ணிய சுருதி வேறுபாட்டைப் பிடிக்க உதவும் காதே, மிக்ஸி ஓடும்போது இரு கைகளாலும் பொத்தப்படும் காதாகவும் ஆகிறது. அது பிடிவாதமன்று, அந்தக் குழந்தைக்கு உண்மையாகவே வலிக்கிறது.

கவனத்தைப் பற்றியும் இப்படியொரு விளக்கம் உண்டு. டைனா மர்ரேயும் அவருடைய இணை ஆய்வாளர்களும் 2005இல் முன்வைத்த கருத்தின்படி, மற்றவர்களின் கவனம் பல வாய்க்கால்களில் பிரிந்து ஓடுகையில், ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் ஒரே வாய்க்காலில் பெருகி ஓடுகிறது. பிடித்த துறையில் பல மணி நேரம் ஆழ்ந்து, பிறர் தவறவிடும் பிழையைக் கண்டுபிடிக்க அந்தப் பெருக்கே துணைநிற்கிறது. பாதியில் நிறுத்தி அடுத்த வேலைக்கு மாறச் சொன்னால் ஏற்படும் கலக்கத்துக்கும் அதுவே காரணம்.

இதை வைத்து ஆட்டிசம் உள்ள எல்லோரும் மேதைகள் என்று எண்ணுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. வியக்கத்தக்க தனித்திறன் வாய்த்தவர்கள் சிறுபான்மையினரே. பேச்சே வராதவர்களும், குளிக்கவும் உண்ணவும் வாழ்நாள் முழுதும் ஒருவர் துணை தேவைப்படுவோரும், ஆளுக்கு ஆள் மாறுபடும் நிலைகளைக் கொண்டதால் நிறமாலை எனப்படும் இந்த ஆட்டிசத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் தாங்கும் சுமையை எந்தத் திறன் பட்டியலும் குறைத்துவிடாது.

புலனிலும் கவனத்திலும் வேரில்லாத ஒரு சிரமமும் உண்டு. பழகுவதில் ஏற்படும் தடுமாற்றத்துக்கு ஆட்டிசம் உள்ளவர்களை மட்டுமே பொறுப்பாக்குவது தவறு, புரிந்துகொள்ளாமை இரு தரப்பிலும் இருக்கிறது என்று 2012இல் டேமியன் மில்டன் எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவரே. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு நோவா சாசனும் அவருடைய குழுவினரும் ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில நொடிக் காட்சிகளைப் பிறருக்குக் காட்டினார்கள். பேசுபவருக்கு ஆட்டிசம் உண்டா என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. ஆயினும் ஆட்டிசம் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேச அவர்கள் குறைவாகவே விரும்பினார்கள். அதே பேச்சை எழுத்தாக மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை.