அடிப்படிவு

‘வீழ்படிவில் வாழும் புழுக்களுக்குக் காட்மியத்தால் ஆபத்து’ என்று எழுதியிருக்கிறார் ஒரு மொழிபெயர்ப்பாளர். வீழ்படிவில் புழு எப்படி வாழும்? சோதனைக் குழாயின் அடியிலா? இதைப் படிப்பது முதல்முறையன்று. ஏரி, கழிமுகம், துறைமுகம் என எதன் அடிமண்ணைப் பற்றிய கட்டுரையானாலும், ஆங்கிலத்தின் ‘செடிமென்ட்’ தமிழில் வீழ்படிவாகவே வந்து விழுகிறது.

செடிமென்ட் இலத்தீன் வழி வந்த சொல். ‘உட்கார்’ என்னும் பொருளுள்ள வினை அதன் வேர். நீரோ காற்றோ பனியாறோ சுமந்துவந்த துகள் வேகம் குறைந்த இடத்தில் அமர்ந்துவிடுகிறது. தமிழில் இதற்கு நேரான வினை ‘படிதல்’. தூசு படிகிறது, கறை படிகிறது. படிந்தது படிவு, நீரின் அடியில் படிந்தது அடிப்படிவு. பாடநூல்கள் ‘படிவுப் பாறை’ என்று எழுதுவதை யாரும் மறுப்பதில்லை. பாறையாக இறுகியபின் ஏற்றுக்கொண்ட பெயரை, இறுகுமுன் சொல்ல என்ன தயக்கமோ. (‘படிவம்’ வேண்டாம். அதை விண்ணப்பங்கள் எடுத்துக்கொண்டன.)

வீழ்படிவு வேதியியலின் சொல். அதன் இடத்தில் நல்ல சொல். உப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டை ஊற்றினால் வெள்ளி குளோரைடு வெண்மையாகத் திரண்டு இறங்குகிறதே, அது வீழ்படிவு. கரைந்திருந்தது வேதிவினையால் கரையாத திண்மமாகிறது. அடிப்படிவோ பெரும்பாலும் வரும்போதே திண்மம்: மணல், களி, மக்கிய இலைதழை, உயிரிகளின் ஓடு. உலோகங்கள் களித்துகள்களிலும், இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளிலும், கரிமப் பொருளிலும் ஒட்டிக்கொண்டு இவற்றோடு கீழே போகின்றன.

‘இரண்டும் அடியில் தங்குவதுதானே’ என்று சமாதானம் சொல்வோர் உண்டு. சரி, ஆக்சிசன் இல்லாத அடிப்படிவுக்குள் நடப்பதைப் பார்ப்போம். அங்கே உருவாகும் சல்பைடு, காட்மியம், ஈயம், துத்தநாகம் போன்றவற்றைப் பிடித்துக் கரையாத சல்பைடுகளாக வீழ்படியச் செய்கிறது. அந்த உலோகம் உயிர்களுக்கு எளிதில் எட்டாமல் அடைபட்டுக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தூர்வாரிக் கலக்கிவிட்டால் ஆக்சிசன் பட்டு, அடைபட்டது நீருக்குத் திரும்பக்கூடும். இடர் மதிப்பீட்டில் விட்டுவிடவே முடியாத இந்தச் செய்தியை நம் மொழிபெயர்ப்பாளர் எப்படி எழுதுவார்? ‘வீழ்படிவில் உலோகம் வீழ்படிவாகிறது’ என்றா?

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. வீழ்படிவு என்றதும், நீரில் கலந்த ஏதோ ஒன்று வினைபுரிந்து உண்டானது என்றே வாசகர் எண்ணுவார். அடிப்படிவில் உலோகம் இயல்பாகவே உண்டு. பாறை தேய்ந்து வந்த மண்ணாயிற்றே. அடிப்படிவின் உலோக மாசை மதிப்பிட ஆய்வாளர் முல்லர் 1969-இல் தந்த புவித்திரட்சிக் குறியீடு அதனால்தான் அளந்த செறிவை இயற்கைப் பின்புல அளவோடு ஒப்பிடுகிறது. பின்புலமும் ஏறி இறங்கும் என்பதால் அதை 1.5-ஆல் பெருக்கிக்கொள்கிறது. ஸ்வீடனின் ஹோகன்சன் 1980-இல் வகுத்த சூழலியல் இடர்க் குறியீடும் பின்புல ஒப்பீட்டில்தான் தொடங்குகிறது. பிறகு நச்சுத்தன்மைக்கு ஏற்ப எடை சேர்க்கிறது: பாதரசத்துக்கு 40, காட்மியத்துக்கு 30, ஆர்சனிக்குக்கு 10, செம்புக்கும் ஈயத்துக்கும் 5, குரோமியத்துக்கு 2, துத்தநாகத்துக்கு வெறும் 1. ஒவ்வோர் உலோகத்தின் ஒப்பீட்டு விகிதத்தையும் அதற்குரிய எடையால் பெருக்கிக் கூட்டிய தொகை 150-க்குக் கீழே இருந்தால் குறைந்த இடர், 600-ஐத் தாண்டினால் மிகக் கடுமையான இடர்.

செடிமென்டுக்கு வண்டல், கசடு என்ற சொற்களை முன்வைப்பவர்களும் உண்டு. வண்டல்மீது எனக்குப் பகை கிடையாது. சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் வீடும் பாவையும் செய்து ஆடும் விளையாட்டுக்கும் அதுதான் பெயர். ‘தூய தமிழ்ச்சொல் இருக்க வேறெதற்கு’ என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, தூய்மை மட்டும் போதாது, அளவும் பொருந்த வேண்டும் என்பதுதான். மணல், வண்டல், களி என்று துகளின் பருமனை வைத்துப் பிரிக்கும்போது வண்டல் நடுவில் நிற்கிறது. நுண்துகளில்தான் உலோகம் மிகுதியாக ஒட்டும் என்பதால், ஆய்வாளர்கள் மாதிரியை 63 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்து, கீழே விழும் வண்டலையும் களியையும் சோதிப்பது வழக்கம். முழுவதற்கும் வண்டல் என்று பெயர் வைத்தால் ‘வண்டலைச் சலித்து வண்டலை எடுத்தார்கள்’ என்று எழுத வேண்டிவரும். போதாக்குறைக்கு, வண்டல் என்றாலே விளைச்சல் நினைவுக்கு வருகிறது. கசடு நேர் எதிர்: ‘கசடற’ என்னும்போதே அது குற்றமாகிவிட்டது. சோதிக்கும் முன்பே தீர்ப்பு! மாசுபடாத அடிப்படிவும் உண்டு. அதைப் பக்கத்தில் வைத்துத்தான் மற்றதை அளக்கிறார்கள்.

நீரில் மிதந்துகொண்டிருப்பதையும் ஆங்கிலத்தில் செடிமென்ட் என்கிறார்களே, படியாததைப் படிவு என்பீர்களா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. உட்காராததை உட்கார்ந்தது என்கிற முரண் அந்த மொழியினுடையது. அதையும் சேர்த்து நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. ‘மிதவைத் துகள்’ என்று தனியே சொல்லிவிடலாம்.

காட்மியம், ஈயம், பாதரசம் போன்றவற்றுக்குப் பொதுப்பெயராக வழங்கும் ‘கன உலோகம்’ இருந்துவிட்டுப் போகட்டும். கன மீட்டரோடு குழம்பும் என்கிறார்கள். குழம்பிய எவரையும் நான் கண்டதில்லை. குறை மூலத்திலேயே இருக்கிறது. 2002-இல் வேதியியலாளர் டஃபஸ் அது பொருளற்ற சொல் என்றே வாதிட்டார். அந்தப் பட்டியலில் தவறாமல் இடம்பெறும் ஆர்சனிக் முழு உலோகமும் அன்று.

ஆனால் ஹோகன்சன் குறியீட்டின் ஆங்கிலப் பெயரில் ‘பொட்டென்ஷியல்’ இருப்பதால் அதைச் ‘சாத்தியமான சூழலியல் ஆபத்துக் குறியீடு’ என்று பெயர்ப்பவர்களை விடுவதற்கில்லை. பாடுபட்டு எட்டுவதைத்தானே சாத்தியமாயிற்று என்று சொல்கிறோம்? பாதரசம் மீனுக்குள் ஏறுவது யாருடைய சாதனை? ‘நேரக்கூடிய இடர்’ என்று எழுதினால் போதும்.