பிடிஎஃப் கோப்பை அனுப்பும் முன் ஒரு வரியை இழுத்துப் பாருங்கள்

பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பருவம் தொடங்கி நாலைந்து வாரம் கழித்துத்தான் எங்கள் அறையில் கூட்டம் சேரும். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டால், "சமாளிச்சுடலாம்னு நினைச்சேன்" என்பார்கள். அதற்குள் பாடம் பாதி ஓடியிருக்கும்.

அப்படி வந்த பார்வையற்ற மாணவி ஒருவர் மடிக்கணினியைத் திறந்து, வகுப்பில் கொடுத்த நாற்பது பக்க பிடிஎஃப் கோப்பை ஓடவிட்டுக் காட்டினார். திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் பக்க எண்ணைச் சொன்னது, அப்புறம் மௌனம். அடுத்த பக்க எண், மறுபடி மௌனம். புத்தகத்தை அப்படியே ஸ்கேன் எடுத்து அனுப்பியிருந்தார்கள். நம் கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கு வெறும் படம். யாராவது தோழி ஓய்வாக இருக்கும்போது படித்துக் காட்டட்டும் என்று அவர் இரண்டு வாரம் காத்திருந்திருக்கிறார்.

கோப்பு சரியா என்று பார்க்கப் பெரிய தொழில்நுட்ப அறிவு வேண்டாம். ஒரு வரியின் மேல் மவுஸை இழுத்துப் பாருங்கள். சொற்கள் தேர்வாகவில்லை என்றால் ஸ்கிரீன் ரீடரிடமும் அது பேசாது. அதை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அட்டவணை, சூத்திரம், அடிக்குறிப்பு எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி வரும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். ஆசிரியரிடம் மூல வேர்டு கோப்பு இருந்தால் இத்தனை பாடும் மிச்சம். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும்: எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் மட்டும் அது தலைப்பு ஆகிவிடாது. வேர்டில் உள்ள தலைப்பு வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தால்தான் கேட்டுப் படிப்பவர் ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியும். இல்லாவிட்டால் நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.

"பதிப்புரிமைச் சிக்கல் வருமே" என்று நூலகங்களில் தயங்குவார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் அச்சுப் புத்தகம் படிக்க முடியாத மற்றவர்களும் படிக்கும்படி நூல்களை மாற்றித்தர வழிவிடும் மராகேஷ் உடன்படிக்கை 2013-லேயே வந்துவிட்டது. அதில் சேர்ந்த நாடுகளில் இதற்கென்றே சட்டவிலக்கு உண்டு. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரும் இலவசமாகவே கிடைக்கிறது.

தேர்வு என்று வந்தால் எப்போதும் ஒரே கேள்விதான்: "கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?" சொல்வதை எழுதுபவரோடு ஒரு மாணவர் வேதியியல் தேர்வு எழுதியபோது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். "எச், கீழே சின்னதா ரெண்டு, எஸ், ஓ, கீழே சின்னதா நாலு" என்று ஒவ்வொன்றையும் இடம் சொல்லி எழுதவைக்க வேண்டும். எழுதுபவர் அந்தப் பாடம் அறியாதவர். மாணவர் திரும்பப் படிக்கச் சொல்லி, தவறு கண்டு, திருத்தச் சொல்வதற்குள் நிமிடங்கள் கரைந்தன. அவருக்குக் கிடைத்த கூடுதல் நேரம் இதற்கே போனது. எழுதுபவரைத் தேர்வுக்கு முன்பே சந்தித்து ஓரிரு முறை பழகிக்கொள்ள விட்டால் பாதிச் சிரமம் குறையும்.

வெளியே தெரியாத குறைபாடுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு, வலிப்பு, மனச்சோர்வு, ஒரு காது மட்டும் கேளாமை. "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அந்த மாணவர் அதற்கப்புறம் யாரிடமும் வாய் திறப்பதில்லை. ஆசிரியர்கள் நோயின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. "வகுப்பில் எது கஷ்டமா இருக்கு?" என்று தனியாகக் கேட்டால் போதும். பல நேரம் பதில் மிகச் சிறியதாக இருக்கும்: முன்வரிசையில் ஓர் இடம், பாடக்குறிப்பு ஒரு நாள் முன்னதாக, பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுதல்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதையெல்லாம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு உயர்கல்வியையும் சேர்த்தே சொல்கிறது. சேர்க்கை உறுதியான வாரமே உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். புத்தகங்களை மாற்றி முடிக்க எங்களுக்கும் நாள் வேண்டும்.

அந்த மாணவி அடுத்த பருவத்தில் வகுப்பு தொடங்கும் முன்பே வாசிப்புப் பட்டியலோடு வந்தார். பதினொரு கோப்புகளில் நான்கு படமாக இருந்தன. முதல் வகுப்புக்குள் நான்கையும் மாற்றிக் கொடுத்தோம்.